பகலில் பேரேடு, இரவில் பரீட்சை

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், செலண்டாரைச் சுற்றிலும் கிடக்கும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முந்தைய தலைமுறையினருக்குக் கணக்கு என்னும் கலை முதன்முதலாகக் காட்சி தந்தது, விடியுமுன் ஆளெடுப்புக்குக் கூடிய பிரட்டில், தோட்டத்து எழுத்தராகிய கிராணியாரின் கையில் விரிந்திருந்த செக்ரோல் புத்தகத்தில்தான். அகன்ற தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட அப்புத்தகத்தில், இடப்பக்கம் தொழிலாளியின் பெயரும், அதையடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கட்டமும், வலப்பக்கக் கோடியில் சம்பளம், பிடித்தம், கைக்குக் கிடைக்கும் மிச்சம் ஆகியனவும் வரிசையாக அமைந்திருக்கும். முழுநாள் வேலை செய்தவருக்கு ஒரு நாட்கூலியைக் குறிக்கும் ஒரு பேர், மழை வந்து பால்வெட்டு நின்றுபோனாலும், நேரங்கழித்து வந்தாலும் அரைப் பேர், வராதவருக்கு வெறுங்கட்டம். மாத நடுவில் வாங்கிய அட்வான்ஸ் சிவப்பு மையில் கழிந்துபோகும். அந்த ஒரு வரியில் பேனா செய்யும் சிறு பிழையும் லயத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொட்டுவிடும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தமையால், கிராணியாரிடம் ஜனங்களுக்கு மரியாதையும் இருந்தது, அச்சமும் இருந்தது. தம் பிள்ளையும் ஒருநாள் அந்தப் பேனாவைப் பிடிக்கவேண்டும் என்னும் ஆசை பல தாய்மாருக்கு மனத்தின் அடியில் கிடந்தது.

செக்ரோல் தோட்டத்து ஆபீசோடு நின்றுவிடவில்லை. 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டு, மலாயாவில் வணிக நோக்கத்தோடு அதனைப் பயிரிட்டவர்களுள் முதல்வர் என்று பெயர்பெற்றார். பின்னர் அவருடைய முயற்சி புக்கிட் அசகானுக்கும் பரவிற்று. 1910-இல் சைம் டார்பி நிறுவனம் இதே மலாக்காவில் தோன்றியது. தோட்டங்கள் லண்டனில் பங்கு விற்று முதல் திரட்டிய கம்பெனிகளின் உடைமையானபோது, கிராணியார் எழுதிய மாதக் கணக்கு ஏஜென்சி நிறுவனத்தின் பேரேட்டுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி, பங்குதாரர் சபையின்முன் வைக்கப்படும் ஐந்தொகையில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு தணிக்கையாளர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டார். இங்கே பால் வெட்டியவர் அனைவரின் ஓராண்டு உழைப்பும் அந்தத் தாளில் கூலிச் செலவு என்னும் ஒரே வரிக்குள் அடங்கிப்போயிற்று. அவர்களுடைய பேரன் பேத்திகளிற் சிலர், 1904-இல் அதே லண்டனில் தொடங்கிய கணக்காளர் சங்கமொன்றின் பரீட்சைகளை மலாக்காவில் இருந்தபடியே எழுதி, அந்த ஐந்தொகையைச் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார முயல்கின்ற காலம் இது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே அப்பரீட்சைகளை எழுதும் வாழ்க்கை எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

இடைநிலைப்பள்ளி முடிவில் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிய பிள்ளைகளுள் சிலருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இடம் கிடைக்கிறது. வேறு சிலர் மெர்லிமாவ் பாலிடெக்னிக்குக்கோ, புக்கிட் பெருவாங்கில் இருக்கும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்துக்கோ செல்கிறார்கள். இவ்விரண்டும் வாய்க்காதவர், அல்லது வாய்த்தும் வீட்டு நிலைமையால் உடனே சம்பாதிக்க நேர்ந்தவர், பத்தொன்பது இருபது வயதில் மலாக்கா நகரத்துத் தணிக்கை ஆபீசொன்றிலோ, ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்குப் பிரிவிலோ சேர்ந்து, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படிக்கத் தொடங்குகிறார்கள். "யூனிவர்சிட்டி கிடைக்கலையாம், ஏதோ ஆபீசுல கணக்கு எழுதுதாம்" என்று உறவினர் வாயில் இவர்களைப்பற்றி ஒரு குறைவான பேச்சு அடிபடுவதுண்டு. அப்பேச்சு நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து. கணக்கியலைப் பொறுத்தவரையில், உத்தியோகமும் படிப்பும் ஒரே காலத்தில் நடப்பதுதான் பழைய இராஜபாட்டை. கல்லூரியில் மட்டும் உட்கார்ந்து கற்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் இயங்கிய கிட்டங்கிகளை நினைத்துப்பார்த்தாலே இது விளங்கும். செட்டிநாட்டுத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து, வட்டிக் கணக்கை வாயாலேயே போடத் தெரிந்த சிறுவன், பெட்டியடிப் பையனாகக் கடல்கடந்து வருவான். கடையைப் பெருக்குவது, கடிதம் கொண்டுபோவது, மூத்தோர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதுவது என்று அவன் நாள் கழியும். பின்னர் அடுத்தாளாக உயர்வான். நம்பிக்கைக்கு உரியவனானால் மேலாளாகக் கடையையே நடத்துவான். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கணக்கு என்று தவணை வகுத்து, தவணை முடிவில் ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு ஒப்புவித்து ஊர் திரும்புவது வழக்கம். இந்த ஏற்பாட்டில் பரீட்சை மண்டபம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஆயினும் நாள்தோறும் எழுதிய கணக்கே பாடமாகவும், நாள்முடிவில் பெட்டியிலிருக்கும் ரொக்கம் ஏட்டோடு ஒத்துப்போவதே பரீட்சையாகவும் இருந்தன. இங்கிலாந்திலும் கணக்காளர் ஆக விரும்பிய இளைஞன் ஒரு மூத்த கணக்காளரிடம் ஒப்பந்தத்தின்பேரில் சில ஆண்டுகள் பயிற்சி எழுத்தராக இருந்தே பரீட்சைக்குச் சென்றான். அதே வழக்கத்தைத் தழுவியே, மலாயா சுதந்திரம் பெற்ற மறுஆண்டாகிய 1958-இல் இங்கே ஒரு கணக்காளர் சங்கம் தொடங்கி, தன் மாணாக்கரைத் தணிக்கை ஆபீசுகளில் பயிற்றுவித்தது.

இன்று மலேசியாவில் யார் கணக்காளர் என்பதைத் தீர்மானிப்பது 1967-ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டம். அச்சட்டத்தால் அமைந்த மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெறாதவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்தலாகாது. பதிவு பெறுவதற்கு, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் ஒரு வழி. சட்டத்தின் அட்டவணையில் குறிப்பிட்ட கணக்காளர் சங்கங்களின் இறுதிப் பரீட்சையில் தேறுவது மற்றொரு வழி. எவ்வழியில் வந்தாலும் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். தேர்ச்சியையும் உழைப்பையும் சட்டமே இவ்வாறு ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும்போது, முதலில் வேலைக்குப் போனவரைப் பின்தங்கியவர் என்று கருதுவதற்கு இடமேது? நாட்டுக்கோ இத்தொழிலில் ஆள் போதவில்லை. 2020-க்குள் 60,000 கணக்காளர் வேண்டும் என்று வகுத்த இலக்கு, அந்த ஆண்டு வந்தபோது வெகுதூரத்திலேயே இருந்தது.

கணக்காளர் சங்கப் பரீட்சைகளுள் இந்நாட்டில் மிகுதியாக வழங்குவது, மேலே சொன்ன லண்டன் சங்கத்தின் ஏ.சி.சி.ஏ. பரீட்சை. பலருக்கு அதற்குமுன் எல்.சி.சி.ஐ. என்னும் வணிகச் சபைப் பரீட்சையின் கணக்குப்பதிவுப் படிகள் இருந்தன. நகரத்துக் கடைவீட்டின் மாடியறையில் நடந்த இரவு வகுப்புகளில் அவற்றைப் படித்துவிட்டு, கணக்கு எழுத்தராக வேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் ஒரு தலைமுறை முழுவதும் உண்டு. அவர்களுள் மேலே ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களே அதிகம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்; திறமைக் குறைவால் நின்றவர்களல்லர், மேலே ஒரு படி இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல ஆளின்றி நின்றவர்கள் அவர்கள்.

இப்போதைய அமைப்பில் ஏ.சி.சி.ஏ. பரீட்சைக்கு 13 தாள்கள். முதல் மூன்றும் அடிப்படை அறிவு. அடுத்த ஆறும் சட்டம், வரி, தணிக்கை, நிதி அறிக்கை, நிதி நிர்வாகம் முதலிய தொழில்திறன். கடைசி நான்கும் உயர்நிலைத் தாள்கள். வரியையும் சட்டத்தையும் மலேசியச் சட்டப்படியே எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு ஐம்பது பெற்றால் தேர்ச்சி. முக்கியத் தாள்களுக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டில் நான்கு தவணைகள் உண்டு; முன்பெல்லாம் ஜூன், டிசம்பர் இரண்டே. உயர்நிலைத் தாள் ஒன்றில் தேறியது முதல் ஏழு ஆண்டுக்குள் ஏனைய உயர்நிலைத் தாள்களையும் முடித்தாகவேண்டும். இல்லையேல் பழைய தேர்ச்சி காலாவதியாகும். ஐம்பது மார்க்கு என்றவுடன் எளிது என்று எண்ணிவிடக்கூடாது. கடினமான தாள்களில் உலகமெங்கும் எழுதுவோருள் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை.

இனி, அப்படிப் படிக்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப்பார்ப்போம். செலண்டாரிலிருந்து மலாக்கா நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர முடியாதாகையால், அண்ணனின் பழைய மோட்டாரில், செம்பனைத் தோட்டங்களுக்கிடையே இருள் பிரியும் வேளையில் அவள் புறப்படுகிறாள். எட்டரை மணிக்கு மேசையில் இருக்கவேண்டும். ஓர் இரும்புச் சாமான் கடையின் விற்பனைச் சீட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, பேரேட்டோடு ஒப்பிட்டு, சரியானதற்கு ஒரு குறி, ஐயமானதற்கு வேறொரு குறி இட்டுக்கொண்டே போகவேண்டும். மாலை ஆறரைக்குத் திரும்பி, குளித்து, விளக்கேற்றி, சோறு உண்டபின், எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறாள். மேசை என்பது பெரும்பாலும் சாப்பாட்டு மேசைதான். பக்கத்தறையில் தொலைக்காட்சி ஒலிக்கும். பத்து மணிக்குமேல் வீடு அடங்கியபின் கிடைக்கும் ஒன்றரை மணி நேரமே உண்மையில் அவளுக்குச் சொந்தமான காலம்.

இதுவும் சாதாரண மாதங்களின் நிலைமையே. பெரும்பாலான கம்பெனிகளின் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிவதால், உலகம் புத்தாண்டு கொண்டாடும் இரவை அடுத்தே தணிக்கை ஆபீஸ் இளையோர் ஏதாவதொரு பண்டகசாலையில் ஆணிப்பெட்டியும் பெயிண்டு டின்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பங்குச் சந்தைக் கம்பெனிகள் நான்கு மாதத்துக்குள் ஆண்டறிக்கை வெளியிடவேண்டும். தனியார் கம்பெனிகள் ஆறு மாதத்துக்குள் கணக்கை உறுப்பினருக்கு அனுப்பவேண்டும். சம்பளக்காரரின் வருமான வரிப் படிவத்துக்கு ஏப்ரல் 30, வியாபாரிகளின் படிவத்துக்கு ஜூன் 30 என்று தவணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்விலைச்சீட்டு முறையும் இதனோடு சேர்ந்துகொண்டது. தைப்பூசம் இந்தக் கெடுபிடிக்கு நடுவில் வருகிறது. மலாக்காத் தமிழர் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் மாசி மகத்தன்று, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்கு வெள்ளிரதம் புறப்படும் வேளையில், மார்ச் பரீட்சைக்குப் பதிந்துகொண்டவரின் கையில் வினாத்தாள் கட்டு இருக்கும். தீபாவளி முடிந்த சில வாரங்களில் டிசம்பர்த் தவணை. விசேஷ வீடுகளுக்கு வராதவர் என்ற பெயர் இவர்களுக்கு வந்துவிடுகிறது, "என்னம்மா, இன்னுமா படிச்சு முடியலை?" என்று பெரியம்மா கேட்பதில் குற்றமில்லை, ஆனால் அக்கேள்வியை மூன்றாம் ஆண்டும் கேட்கும்போது அது உள்ளே போய்த் தைக்கிறது.

ஆகவே தவணையைத் தேர்ந்தெடுப்பதில் விவேகம் வேண்டும். தணிக்கை ஆபீசில் இருப்பவர் மார்ச் தவணையை விட்டுவிட்டு, செப்டம்பரிலும் டிசம்பரிலும் எழுதுவதே பொருத்தம். ஒரு தவணையில் நான்கு தாள் வரை எழுத விதி இடங்கொடுக்கிறது. உத்தியோகத்திலிருப்பவர் ஒன்றோ இரண்டோ எழுதினால் போதும். வேகமாக முடிக்கவேண்டும் என்ற ஆசையில் மூன்று தாளுக்குப் பணங்கட்டி, மூன்றிலும் நாற்பத்தைந்து நாற்பத்தேழு என்று நின்றுபோனவர்கள், ஒரே தாளை நன்றாகப் படித்துத் தேறியவர்களைவிடப் பின்னேதான் சென்று சேர்கிறார்கள்.

இவ்வளவு சிரமத்துக்கிடையே ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அதைப் பலர் உணராமலே இருக்கிறார்கள். வேலையும் பாடமும் ஒன்றையொன்று விளக்கக்கூடியவை. வங்கிச் சரிக்கட்டு என்னும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடையின் ஏட்டுப்படி வங்கியில் 18,450 ரிங்கிட் இருக்கவேண்டும். வங்கி அனுப்பிய அறிக்கையோ 22,000 என்கிறது. கடைக்காரர் எழுதிக்கொடுத்த 4,200 ரிங்கிட் காசோலைகள் இன்னும் வங்கிக்கு வந்துசேரவில்லை. கடைசி நாள் மாலையில் கட்டிய 1,300 ரிங்கிட் வங்கியின் கணக்கில் ஏறவில்லை. இவற்றைச் சரிசெய்தால் வங்கிப்பக்கம் 19,100. ஏட்டிலோ, வாடிக்கையாளர் ஒருவர் நேரே வங்கியில் செலுத்திய 700 பதியப்படவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 50 கழிக்கப்படவில்லை. இவற்றைப் பதிந்தால் அதுவும் 19,100. புத்தகத்தில் படிப்பவருக்கு இது ஆறு எண்களின் கூட்டல் கழித்தல். ஆபீசில் செய்தவருக்கோ, அந்த 4,200-இல் ஒரு காசோலை மூன்று மாதமாகியும் ஏன் வரவில்லை என்று கேட்டபோது கடை மானேஜரின் முகம் மாறியது நினைவிருக்கும். தணிக்கையாளர் வங்கி நிலுவையைக் கடைக்காரரிடம் கேட்டறியாமல், வங்கியிடமிருந்தே நேரில் கடிதம் வாங்குவது எதற்காக என்பதைப் பரீட்சையில் கேட்டால், அவர் பாடஞ் செய்ததை ஒப்பிக்கவேண்டியதில்லை. கண்டதை எழுதினால் மார்க்கு வரும்.

தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு இதில் இன்னும் ஓர் உரிமை இருக்கிறது. மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி, அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு நோட்டுப் புத்தகத்தில் கடைக்காரர் ஒன்றும் அம்மா ஒன்றுமாக எழுதிவைத்து, சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்ததை அவள் சிறுவயதிலேயே கண்டவள். அரிசி இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று அம்மா விரல் வைத்துக் காட்டியதும், கடைக்காரர் தம் ஏட்டைப் புரட்டி ஒப்புக்கொண்டதும், சரிக்கட்டு என்னும் அதே வித்தைதான். மாதம் முழுதும் உழைத்த கூலி அடுத்த மாதம் ஏழாந்தேதிக்குள் கைக்கு வரும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்த குடும்பத்துக்கு, டிசம்பரில் செய்த வேலையின் கூலி ஜனவரியில் கொடுபட்டாலும் டிசம்பர்ச் செலவே என்னும் கணக்கியல் விதியைத் தனியாக விளக்கவேண்டுமா? இப்பிள்ளைகள் கணக்கியலுக்கு அந்நியரல்லர். பாடப்புத்தகத்தின் நடை மட்டுமே அவர்களுக்குப் புதிது.

அந்த நடைதான் உண்மையான தடை. தமிழ்ப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் கற்று, எஸ்.பி.எம். கணக்கியலையும் மலாயில் எழுதிவிட்டு, தொழிற்பரீட்சைக்கு மட்டும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்பவர்கள் இவர்கள். எண்களில் இவர்கள் தோற்பது அரிது. கம்பெனியின் உள்கட்டுப்பாட்டில் உள்ள குறைகளை எடுத்துக்காட்டு, அவற்றின் விளைவை விளக்கு, நிவாரணம் கூறு என்று கேட்கும் வினாவில்தான் மார்க்கு நழுவுகிறது. விஷயம் தெரியும், வாக்கியம் வருவதில்லை. இதற்கு மருந்து ஆபீசிலேயே இருக்கிறது. தணிக்கையின்போது ஒவ்வொரு சோதனைக்கும் எழுதும் பணிக்குறிப்பை, மேலாளர் பார்த்தால் போதும் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாமல், என்ன செய்தேன், என்ன கண்டேன், அதனால் என்ன முடிவு என்று மூன்று முழு வாக்கியங்களாக நாள்தோறும் எழுதிப் பழகுபவர், ஆறு மாதத்தில் பரீட்சைக்கு வேண்டிய நடையைப் பெற்றுவிடுவார். படிக்கும் நேரத்திலும், பாடத்தை மீண்டும் மீண்டும் வாசிப்பதைக் குறைத்து, பழைய வினாக்களுக்குக் கணினியில் நேரம் வைத்து விடையெழுதுவதைப் பெருக்கவேண்டும். பரீட்சையே கணினியில் நடப்பதால் விரல்களுக்கும் அப்பியாசம் தேவைப்படுகிறது.

பணத்தைப்பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். முழுநேரப் பட்டப்படிப்பைவிட இது செலவு குறைவு என்பது மெய்யாயினும், பரீட்சைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் பவுனில் கட்டவேண்டியவை. ரிங்கிட்டின் மதிப்பு சரியும்போதெல்லாம் எழுத்தர் சம்பளத்தில் அது கனக்கிறது. சந்தாவைக் கட்டத் தவறினால் மாணவர் பட்டியலிலிருந்தே பெயர் நீங்கிவிடும். முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் குறைவு. கடைசி வாரத்தில் பதிந்தால் பெருந்தொகை. இந்தச் சிறு விஷயத்தில் கவனமாயிருப்பதே ஆண்டுக்கு ஒரு பாடப்புத்தகத்தின் விலையை மிச்சப்படுத்தும். உயர்கல்விக்கென்று 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடனும், 1984-இல் ம.இ.கா. கட்சி தொடங்கிய எம்.ஐ.இ.டி. அமைப்பின் கல்விக் கடனும் எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரியில், எந்த நிபந்தனையின்பேரில் கிடைக்கும் என்பதைச் சேருமுன்பே எழுத்துமூலம் கேட்டறிவது நல்லது. சில ஆபீசுகள் தேறிய தாளுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு விலகலாகாது என்று ஒப்பந்தம் கேட்பதும் உண்டு. கையொப்பமிடுமுன் ஆண்டுக்கணக்கை நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தளர்ச்சியுறும் பிள்ளைகளுக்கு நான் எடுத்துச்சொல்வது சென்னை ஆர். சிவபோகம் அம்மையாரின் வரலாறு. 1907-இல் பிறந்த அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறைவாசம் அனுபவித்தார். வெளிவந்தபின் சி.எஸ். சாஸ்திரி என்னும் தணிக்கையாளரிடம் பயிற்சி பெற்று, 1933-இல் அக்காலத்து அரசாங்கக் கணக்கியல் டிப்ளோமாவில் தேறினார். இந்தியாவிலேயே அத்தகுதி பெற்ற முதல் பெண்மணி அவர். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்று விதி குறுக்கிட்டபோது அதனை எதிர்த்து வழக்காடி வென்று, 1937-இல் தம் பெயரிலேயே ஆபீஸ் திறந்தார். பிற்காலத்தில் இந்தியக் கணக்காளர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அவருக்கு முன்பே, ஏ.சி.சி.ஏ. பரீட்சை நடத்தும் லண்டன் சங்கம் எத்தல் ஏர்ஸ் பர்டி என்னும் பெண்ணை 1909-இல் உறுப்பினராக ஏற்றது; ஆங்கில நாட்டின் பட்டயக் கணக்காளர் கழகம் பெண்ணுக்கு வாசல் திறந்தது முதல் உலகப்போர் முடிந்த பிறகே. இவர்கள் எழுதிய பரீட்சைகளைவிட, இவர்களுக்கு எழுத அனுமதி கிடைத்த விதம் கடினமானது. செலண்டாரிலிருந்து மோட்டாரில் செல்லும் பெண்ணுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. அவளுக்கு வேண்டியது நேரமும் ஓர் அமைதியான மேசையும்.

அனுபவப் பதிவைப்பற்றி ஒரு வார்த்தை. ஏ.சி.சி.ஏ. உறுப்பினராவதற்குத் தாள்களைத் தவிர 36 மாத அனுபவம் வேண்டும். பரீட்சைக்கு முன்னோ, நடுவிலோ, பின்னோ அதனைப் பெறலாம். குறிக்கப்பட்ட ஒன்பது செயல்திறன்களை அடைந்ததாகத் தகுதிபெற்ற கணக்காளர் ஒருவர் கையொப்பமிடவேண்டும். தணிக்கை ஆபீசில் அத்தகையவர் இருப்பார். வியாபாரக் கம்பெனியில் தனியொரு கணக்கு எழுத்தராக இருப்பவருக்கு மேலே அப்படி ஒருவரும் இல்லாமற்போகலாம். ஐந்தாண்டு உழைத்தபின் அதைக் கண்டுபிடித்து மனமுடைவதைவிட, வேலைக்குச் சேரும் நேர்முகத்திலேயே அடக்கமாகக் கேட்டுவிடுவது மேல். சேர்ந்தபின்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலைகளை எழுதி, மேலதிகாரியிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளவேண்டும். மேலதிகாரி வேலை மாறிப்போய்விட்டால் பழைய ஆண்டுகளுக்குச் சாட்சி தேடுவது எளிதன்று. முதல் வேலைக்குச் சிறிய தணிக்கை ஆபீசே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். பெரிய நிறுவனத்தில் ஒருவர் ஓராண்டு முழுவதும் ஒரே வங்கியின் ஒரே பிரிவைப் பார்த்துக்கொண்டிருக்க, சிறிய ஆபீசில் அதே ஓராண்டில் நகைக்கடை, லாரிக் கம்பெனி, கிளினிக், செம்பனைக் குத்தகைக்காரர் என்று பலருடைய கணக்கையும் முதல் சீட்டு முதல் வரிப்படிவம் வரை பார்த்துவிடலாம்.

அப்படிச் சிறிய ஆபீஸ் நடத்தும் தமிழ்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் விடுமுறை கேட்டு நிற்கும் பிள்ளையிடம், ஆபீஸ் நிலைமையைச் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே யார் எந்தத் தவணையில் எழுதுகிறார் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கேற்ப வேலையைப் பங்கிட்டால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. நீங்களும் ஒருகாலத்தில் அதே விடுமுறைக்காக நின்றவர்களே.

1982-இல் வரலாற்று விரிவுரையாளர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பள்ளி மாணவருக்கு ஊர்தோறும் வகுப்பு வைத்து, கோவிலையும் படிப்பையும் ஒன்றுசேர்த்துக் காட்டியது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்குச் செய்ததை, வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களுக்கும் செய்ய முடியும். செலண்டாரிலும், ஜாசினிலும், பத்தாங் மலாக்காவிலும் உள்ள தமிழ்ப்பள்ளி நிர்வாகங்களும் கோவில் நிர்வாகங்களும் கலந்து பேசி, திங்கள் முதல் வியாழன் வரை இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஒரு மண்டபத்தின் ஒரு மூலையைத் திறந்துவைக்கலாம். நான்கு மேசை, நல்ல வெளிச்சம், இணைய இணைப்பு, பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய்விடப் பொறுப்பான ஒருவர், இவ்வளவே தேவை. ஏற்கெனவே தேறி வேலையில் இருக்கும் கணக்காளர் ஒருவர் வாரத்தில் ஓரிரவு வந்து உட்கார்ந்து, எழுதிய விடைகளைத் திருத்திக்கொடுத்தால் போதும். செப்டம்பர் முதல் வாரத்தில் விளக்கேற்றினால்கூட, டிசம்பர்த் தவணைக்குப் படிப்பவர்களுக்கு முழுதாக மூன்று மாதம் கிடைக்கும்.